கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டியது போனா, ஆளா?

ஒரகடம் சந்திப்பில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்றால், ஏ ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் கையில் போன் இருக்கும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை, பிள்ளை எழுந்துவிட்டதா என்று கணவனிடம் ஒரு விசாரிப்பு, மகளிர் குழுத் தவணைக்கு ஒரு பதில். பஸ் ஆலைக்குள் நுழைந்து, ஆட்கள் இறங்கி, கேட்டில் சோதனை முடிந்ததும் அந்தப் பேச்செல்லாம் நின்றுவிடும். இந்தப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் பலவற்றில் உற்பத்திக் கூடத்துக்குள் சொந்த போனைக் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனில் போய் நிற்க வேண்டும். ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் அங்கே நிற்கிற பெண்ணை யார் கூப்பிட்டாலும் மணி மட்டும்தான் அடிக்கும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தின் ஓரத்தில் இருக்கிற கிராமம் வடக்குப்பட்டு. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கற்காலக் கருவிகளும், கண்ணாடி மணிகளும், ரோமானிய ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அந்த ஜாடிகள் வந்த காலத்தில் கப்பல் பருவக்காற்றுக்காகக் காத்திருக்கும். கப்பலோடு சேர்ந்து சேதியும் காத்திருக்கும். அதே வட்டாரத்தில் 2006இல் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்தது. 2014 நவம்பரில் அந்த ஆலை நின்றுபோனது. இன்று ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐஃபோன்கள் உலகெங்கும் போகின்றன. சேதி காத்திருக்கத் தேவையில்லை என்று ஆக்கிய கருவியைச் செய்கிற ஊர் இது. அதைச் செய்கிற கைகளுக்குச் சொந்தக்காரர்களையோ வேலை நேரத்தில் யாரும் போனில் பிடிக்க முடியாது.

வேலை முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கும். திருப்பிக் கூப்பிட்டால் முதல் வார்த்தையே, “எப்பக் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கிற, அப்புறம் எதுக்குப் போன் வெச்சிருக்கே?” என்பதுதான். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இருக்காது. போன் வைத்திருக்கிற ஆள் எந்நேரமும் கிடைத்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்க, முதலில் போனையே கேட்போம்.

டவர் உங்களை எப்படித் தேடுகிறது?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று டவருக்கு எப்போதும் துல்லியமாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறோம். போனில் பேசிக்கொண்டோ, இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டோ இருக்கும்போது எந்த டவரோடு இணைந்திருக்கிறீர்கள் என்பது வலைப்பின்னலுக்குத் தெரியும். போன் சும்மா சட்டைப்பையில் கிடக்கும்போது அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. செல்போன் நிறுவனங்கள் அக்கம்பக்கத்து டவர்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. போன் ஒரு வட்டாரத்தை விட்டு வேறு வட்டாரத்துக்குப் போனால், “இப்போது இங்கே இருக்கிறேன்” என்று தானாகவே பதிந்துகொள்ளும். நகராமல் ஒரே இடத்தில் கிடந்தாலும் அவ்வப்போது ஒருமுறை பதியும். மற்ற நேரத்தில் அது பேசுவதில்லை.

இப்போது திருவண்ணாமலையிலிருந்து ஒரு தாய் ஒரகடத்தில் இருக்கும் மகளைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் போன் கடைசியாகப் பதிந்த வட்டாரம் எது என்று வலைப்பின்னல் பார்க்கும். அந்த வட்டாரத்து டவர்கள் அத்தனையும் மகளின் போனுக்குரிய அடையாள எண்ணைக் காற்றில் ஒலிபரப்பும். ஊரெல்லாம் தண்டோரா போட்டு ஒரு ஆளைத் தேடுவது போன்ற வேலை இது. தொழில்நுட்பக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேஜிங். அந்த எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் அந்த அறிவிப்பைக் கேட்கும். தன் எண் என்று தெரிந்துகொண்ட ஒரே ஒரு போன் மட்டும் பக்கத்து டவருக்குப் பதில் சொல்லும். அதற்குப் பிறகுதான் மணி அடிக்கும்.

போன் அணைக்கப்பட்டிருந்தால், அணையும்போதே அது வலைப்பின்னலிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கும். தேட வேண்டியதே இல்லை. சொல்லாமல் மறைந்துபோன போனைத்தான், பதில் வராததை வைத்து, தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக முடிவு செய்கிறார்கள். இத்தனை ஏற்பாட்டிலும் வலைப்பின்னல் தேடுவது சிம் கார்டு போட்ட ஒரு கருவியை. அந்தக் கருவி ஆளின் கையில் இருக்கிறதா, லாக்கரில் பூட்டிக் கிடக்கிறதா, ஆள் விழித்திருக்கிறாரா என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. மணி அடித்ததும் அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

போனும் தூங்குகிறது

இதைவிட வியப்பான சங்கதி ஒன்று உண்டு. எந்நேரமும் கிடைக்கிறது என்று நாம் நம்புகிற அந்த போன், நாளின் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருக்கிறது.

டவரின் ஒலிபரப்பைக் கேட்க, போனுக்குள் இருக்கும் ரேடியோப் பகுதி விழித்திருக்க வேண்டும். அது இடைவிடாமல் விழித்திருந்தால் பேட்டரி வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே பொறியாளர்கள் ஓர் உடன்பாட்டை உருவாக்கினார்கள். 4ஜி வலைப்பின்னலில், சும்மா கிடக்கும் போன் 0.32 நொடி முதல் 2.56 நொடி வரையிலான ஏதோ ஓர் இடைவெளியில் ஒருமுறை மட்டும் கண் விழிக்கும். எந்த இடைவெளி என்று டவர் முன்பே அறிவித்திருக்கும். பரவலாக வைக்கப்படுவது 1.28 நொடி. விழித்ததும் சில மில்லி நொடிகள் காது கொடுத்துக் கேட்கும். தனக்கு அழைப்பு இல்லையென்றால் மறுபடி தூங்கப் போய்விடும்.

எந்தக் கணத்தில் விழிக்க வேண்டும் என்பதையும் தற்செயலாக விட்டுவிடவில்லை. சிம் கார்டில் பதிந்திருக்கும் சந்தாதாரர் எண்ணை 1024ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியை வைத்து, இந்தப் போன் இந்தக் கணத்தில் விழிக்கும் என்று இரு தரப்பும் ஒரே கணக்கைப் போட்டுக்கொள்கின்றன. டவர் சரியாக அந்தக் கணத்தில்தான் கூப்பிடும். போனும் சரியாக அந்தக் கணத்தில்தான் கேட்கும். மற்ற நேரத்தில் போன் தூங்குவது டவருக்குத் தெரியும். அதற்காக அது போனைத் தொலைந்துபோனதாக நினைப்பதில்லை. அடுத்த முறை வரைக்கும் பொறுத்திருக்கும்.

இந்த ஒழுங்கு ரேடியோவோடு நிற்கவில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பில் கூகுள் ‘டோஸ்’ என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகள் இஷ்டத்துக்கு இணையத்தைத் தொட முடியாது. சாதாரண அறிவிப்புகளைச் சேர்த்து வைத்து, அவ்வப்போது திறக்கும் சிறு இடைவெளிகளில் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். போன் கிடக்கக் கிடக்க அந்த இடைவெளிகளின் தூரமும் கூடிக்கொண்டே போகும். உள்ளே வரும் அழைப்பைப் போன்ற அவசரச் சேதிக்கு மட்டும் தனி வழி உண்டு. அது உடனே போனை எழுப்பிவிடும்.

ஆக, போனுக்குள் மூன்று விதிகள் இருக்கின்றன. கேட்கும் நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். அவசரத்தையும் சாதாரணத்தையும் பிரித்துவிடு. சாதாரணமானது காத்திருக்கட்டும், தொலைந்துபோகாமல் எங்காவது பத்திரமாக இருக்கட்டும். எஸ்.எம்.எஸ். அப்படித்தான் சேவை மையத்தில் காத்திருக்கிறது. போய்ச் சேராத வாட்ஸ்அப் சேதி 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கிறது. இத்தனை ஓய்வை இயந்திரத்துக்குக் கொடுத்த நாம், அதை வைத்திருக்கும் மனிதருக்கு அதில் ஒன்றையும் கொடுக்கவில்லை.

காத்திருக்கும் மூளை

கூப்பிடாத நேரத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது, போன் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றலாம். உடம்பு அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பே மூளைக்கு ஒரு வேலை.

இதை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று கப்பலில் நடந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த டார்ஸ்வால், ஓக்கர்ஸ்டெட் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு அது. கப்பல் இயந்திர அறைப் பொறியாளர்கள் சில இரவுகளில் எச்சரிக்கை மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டிய முறையில் படுப்பார்கள். சில இரவுகளில் அந்தப் பொறுப்பு இருக்காது. இரண்டு வகை இரவுகளிலும் அவர்களுடைய மூளை அலைகளைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பொறுப்பு இருந்த இரவுகளில் ஆழ்ந்த உறக்கம் குறைந்திருந்தது. கனவு காணும் உறக்கமும் குறைந்திருந்தது. இதயம் வேகமாகத் துடித்தது. மணி அடிப்பதற்கு முந்தைய நேரத்திலேயே உறக்கம் கெட்டிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கூப்பிடுவார்களோ என்ற நினைப்பு தூக்கத்துக்குள்ளும் காவல் நின்றிருக்கிறது.

ஜெர்மனியில் யான் டெட்மர்ஸ் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு தரையில் வேலை பார்ப்பவர்களைப் பற்றியது. 13 நிறுவனங்களைச் சேர்ந்த 132 பேர் கலந்துகொண்டார்கள். வேலை முடிந்த பிறகும் ஆபீஸ் கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்றிருந்த நாட்களையும், அந்தக் கட்டாயம் இல்லாத நாட்களையும் ஒப்பிட்டார்கள். கட்டாயம் இருந்த நாட்களுக்கு மறுநாள் காலையில் அவர்களின் மனநிலை மந்தமாக இருந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் உமிழ்நீரைச் சோதித்தபோது, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பிலும் வித்தியாசம் தெரிந்தது. அந்த நேரத்தை ஓய்வு என்று கணக்கில் எழுத முடியாது என்பதே அவர்கள் வந்த முடிவு.

பகல் வேலைக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டோதார்ட் குழு 2015இல் செய்த சோதனையில், கணினித் திரையில் வரும் எண்களை மாணவர்கள் கவனித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் சிலருடைய போனுக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்பினார்கள். போனை எடுத்துப் பார்க்காதவர்களிடமும் தவறுகள் கூடின. சத்தத்தைக் கேட்டதும் ‘யாராக இருக்கும்’ என்ற கேள்வி மனதில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. கவனத்தின் ஒரு துண்டு அங்கே போய்விடுகிறது.

வராத அழைப்பையும் உடம்பு உணரும். மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவமனை ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அடிக்காத போன் அதிர்வதாக உணர்ந்திருக்கிறோம் என்று அதில் 68 சதவீதம் பேர் சொன்னார்கள். அழைப்பைத் தவறவிட்டால் பெரிய தப்பாகிவிடும் என்று மூளை கருதும்போது, அது எச்சரிக்கை எழும் வரம்பைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறது. துணி உரசுவதும் தசை துடிப்பதும்கூட அப்போது போன் அடிப்பதாகத் தெரியும். போன் தன் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கும் அதே நேரத்தில், அதை வைத்திருப்பவர் விழித்திருக்கிறார்.

சி ஷிஃப்ட் முடிந்த பகல்

ஒரகடம் பக்கம் இது யாரைக் கூடுதலாகப் பாதிக்கும் என்று யோசித்தால், இரவு பத்து மணிக்கு உள்ளே போய் காலை ஆறு மணிக்கு வெளியே வருகிற சி ஷிஃப்ட்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நம் மூளையின் அடிப்பகுதியில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சின்ன நரம்புத் திரள் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் அது மெலடோனின் சுரப்பை அடக்கி, உடம்பு வெப்பத்தை உயர்த்தி, பகல் வந்துவிட்டது என்று எல்லா உறுப்புகளுக்கும் சொல்லிவிடும். ஏழரை மணிக்கு அறைக்கு வந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுப் படுக்கிற பெண், தன் உடம்பின் கடிகாரத்தோடு மல்லுக்கட்டித்தான் தூங்குகிறாள். இரவுப்பணி செய்கிறவர்களின் பகல் உறக்கம் சாதாரண இரவு உறக்கத்தைவிடச் சில மணி நேரம் குறைவு என்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. கிடைக்கிற ஐந்தாறு மணி நேரத்தையும் துண்டாக்குவது பகல் நேரத்து போன். பதினோரு மணிக்குக் கடன் வேண்டுமா என்று ஒரு குரல். பன்னிரண்டரைக்கு ஊரிலிருந்து அத்தை. இரண்டு மணிக்கு, நாளைக்கு ஓ.டி. பார்க்க முடியுமா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி.

தூங்கும் மூளை எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக நடத்துவதும் இல்லை. பிரிட்டனில் இயன் ஆஸ்வால்ட் குழு 1960இலேயே இதைச் சோதித்துப் பார்த்தது. தூங்குகிறவர்களுக்குப் பல பெயர்களை ஒலிபரப்பியபோது, சொந்தப் பெயருக்கு மூளை அலைகள் தனியாக எழுந்தன. நமக்கென்று பொருள் உள்ள ஒலியை மூளை உறக்கத்திலும் வடிகட்டி எடுக்கிறது. தன் போனின் ரிங்டோனும் இன்று அப்படிப் பொருள் ஏறிய ஒலிதான். பக்கத்துக் கட்டில்காரியின் போன் அடித்தால் புரண்டு படுப்பவள், தன் போன் அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

பதில் வராத இரவு

அப்படியானால் போனை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா? இந்த வட்டாரத்தின் சமீப வரலாறு அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது.

2021 டிசம்பர் 15 அன்று, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கூட வேலை பார்த்தவர்களுக்கு நம்பும்படியான தகவல் வரவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி போன் போனாகப் பரவியது. டிசம்பர் 17 இரவு, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் போராட்டம் நடந்தது. யாரும் இறக்கவில்லை என்று அரசுத் தரப்பு சொன்ன பிறகும் அவர்களால் எளிதில் நம்ப முடியவில்லை. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது.

அந்த இரவில் ஆயிரக்கணக்கான கைகளில் போன் இருந்தது. ஆனாலும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல ஒரு பொறுப்பான ஆள், நம்பக்கூடிய ஒரு எண் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்ளும். தங்களுடன் வேலை பார்த்தவளுக்காகக் கொட்டும் பனியில் சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தகவலுக்கான தனி வழி ஒன்று முன்பே இருந்திருந்தால் அந்த இரவில் அத்தனை பேர் அப்படிக் கலங்கித் தவித்திருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு தங்குமிடத்தில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 படுக்கைகளோடு பெண்களுக்கான குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார், செலவு ரூ.706.50 கோடி. படுக்கைக்கு இவ்வளவு யோசித்தவர்கள், தகவலுக்கும் யோசிக்க வேண்டும்.

மிஸ்டு கால் என்ற உடன்பாடு

எப்போதும் கிடைப்பது, அடியோடு கிடைக்காமல் போவது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. நம் மக்கள் அதை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டபோது நடந்தது. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு போகும். 2003இல் உள்வரும் அழைப்பு இலவசமானது. கூப்பிடுகிறவர் மட்டும் காசு கொடுத்தால் போதும், அதுவும் எதிராளி எடுத்தால்தான். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு மிஸ்டு கால் வளர்ந்தது. “பஸ் ஏறினதும் ஒரு ரிங் விடு.” “ரெண்டு தடவை அடிச்சா உடனே கூப்பிடு.” எடுக்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை, சேதி போய்விடும். எத்தனை மணி அடித்தால் என்ன பொருள் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். டவரும் போனும் போட்டுக்கொண்ட அதே வகை உடன்பாடுதான் அது.

வாட்ஸ்அப் வந்த பிறகு இந்த உடன்பாடு குலைந்தது. 2014 நவம்பரில் நீல டிக் வந்தது. அதுவரை சேதி போன் வரைக்கும் போனதா என்று மட்டும் தெரிந்தது. இப்போது ஆள் படித்துவிட்டார் என்றும் தெரிந்தது. படித்தும் பதில் சொல்லவில்லை என்ற கோபம் அன்று முதல் வீட்டுக்குள் வந்தது. போனின் நிலையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த தொழில்நுட்பம் ஆளின் நிலையையும் காட்டிக்கொடுக்க ஆரம்பித்ததும், பதில் சொல்வது கடமையாகிவிட்டது.

பேசி வைத்த நேரம் உதவுகிறது என்பதற்குச் சான்றும் உண்டு. நிக்கோலஸ் ஃபிட்ஸ், கோஸ்டாடின் குஷ்லெவ் ஆகியோரின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 237 பேரைப் பிரித்து, இரண்டு வாரம் வெவ்வேறு விதமாக அறிவிப்புகள் வரும்படி செய்தார்கள். நாளுக்கு மூன்று முறை மட்டும் மொத்தமாக அறிவிப்பு வந்தவர்கள், வழக்கம்போல் வந்துகொண்டிருந்தவர்களைவிடக் கவனமாகவும் நல்ல மனநிலையிலும் இருந்தார்கள். அறிவிப்பே வராதவர்களுக்கோ எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. அடியோடு மூடுவதும் உடம்புக்கு ஆகவில்லை; குறித்த நேரத்தில் திறப்பதே நன்மை செய்தது.

யார் யாருக்குக் கிடைக்க வேண்டும்?

இங்கேதான் நியாயம் பற்றிய கேள்வி வருகிறது. லைனில் நிற்கும் பெண்ணை அவள் அம்மா எட்டு மணி நேரம் தொடர்புகொள்ள முடியாது. உற்பத்தி ரகசியம், பாதுகாப்பு, கவனம் என்று அதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் நியாயமும் உண்டு. அதே பெண் அறைக்குத் திரும்பிய பிறகு, ஷிஃப்ட் மாற்றம், ஓ.டி., பஸ் நேரம் என்று வேலையின் சேதி எந்நேரமும் அவள் கைக்கு வரலாம் என்றால், ஓட்டம் ஒரு திசையில் மட்டும்தான் இருக்கிறது. வேலை நேரத்தில் குடும்பம் உள்ளே வராது. குடும்ப நேரத்தில் வேலை வெளியே வரும்.

வேலை நேரம் தொழிலாளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பழைய நியாயம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 61ஆம் பிரிவு, எந்த நாளில் எந்த நேரம் வேலை என்ற அறிவிப்பு ஒவ்வோர் ஆலையிலும் பார்வையில் படும்படி இருக்க வேண்டும் என்றது. 66ஆம் பிரிவு, பெண்களின் ஷிஃப்டை வார விடுமுறையோ வேறு விடுமுறையோ முடிந்த பிறகுதான் மாற்றலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கின்றன. சட்டத்தின் பெயர் மாறலாம். தன் அடுத்த நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு தூங்கும் உரிமை மாறக் கூடாது.

வெளிநாடுகள் இதைச் சட்டமாகவே எழுத ஆரம்பித்துவிட்டன. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகான தொடர்பு குறித்து ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை, மறுக்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018இலும் 2025இலும் இதே நோக்கத்தோடு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது இன்னும் சட்டமாகவில்லை.

சட்டம் வரும் வரை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆலைகள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆள் இருக்கும் ஓர் அவசர எண்ணைத் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்; அந்த எண்ணுக்கு வரும் சேதி லைன் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அதே எண், விடுதியில் ஏதாவது நடந்தால் உண்மையைச் சொல்லும் எண்ணாகவும் இருக்க வேண்டும். ஷிஃப்ட் மாற்றத்தை இரவோடு இரவாகக் குழுவில் போடுவதை நிறுத்தி, முன்கூட்டியே பட்டியலாகக் கொடுக்க வேண்டும்.

வீடுகளில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. இந்த வாரம் எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணிக்குப் பேசலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு சேதி அனுப்பிவிடுங்கள். தூங்கும்போது ‘தொந்தரவு செய்யாதே’ வசதியை இயக்கிவிடுங்கள். ஐஃபோனில் ஒரே ஆள் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள். அவசரம் என்றால் இரண்டு முறை கூப்பிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டால் போதும். மிஸ்டு கால் காலத்து மக்களுக்கு இதைப் புரியவைக்க நேரம் ஆகாது.

போன் வாங்கியவர் ஒரு கருவியை வாங்கியிருக்கிறார். தன் நாள் முழுவதையும் அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எப்போது, யாருக்கு, எதற்குக் கிடைப்போம் என்பது ஆட்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய சங்கதி. ஆகவே அடுத்த முறை மணி அடித்தும் யாராவது எடுக்கவில்லை என்றால், எதற்குப் போன் வைத்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள். எப்போது கூப்பிட்டால் உனக்கு வசதி என்று கேளுங்கள்.